அப்பாவுக்கு முன் தேயாத துவக்கு

பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்கியிருக்கிறேன், தம்பி. நலம், நலமறிய அவா என்று அடுத்த வரியை எழுதக் கை வரவில்லை. நீ ஸ்தவாங்கரில் நலமாக இருப்பது எனக்குத் தெரியும். நான் எப்படி இருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் இது. கோயில் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கோ என்று கேட்டிருந்தார்கள். சமையல் குறிப்பு எழுதலாம் என்று பேனையை எடுத்தேன். உனக்கான கடிதம்தான் வந்தது. பெயர்களை விட்டுவிட்டேன். பிள்ளையோடு பாதிக் கதையில் நிற்கிற தாய்மார் இந்த நோர்வேயில் என்னைத் தவிரவும் இருப்பார்கள். அவர்களும் வாசித்தால் வாசிக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பொலிஸ் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அப்பாவின் ரிவால்வர் அவர் கண் மூடிய நாளிலிருந்து துவக்குக் கடைக்காரரின் பெட்டகத்தில் இருக்கிறது. அதை விற்பதா, உரிமம் உள்ள யாருக்காவது கொடுப்பதா, அழிப்பதா என்று நீயும் நானும் முடிவெடுத்துக் கையெழுத்திட வேண்டும். நான் சொல்லி முடிக்கவில்லை, நீ சொன்னாய்: "நொறுக்கச் சொல்லுங்கோ அம்மா. பேப்பரை அனுப்புங்கோ, சைன் பண்ணி அனுப்புறன்." அப்பாவின் முதலாண்டு ஆட்டைத் திவசத்துக்கு வருவாயா என்று கேட்டேன். "வேலை எப்பிடியோ தெரியேல்லை. பாப்பம்." அதோடு வைத்துவிட்டாய். அந்தத் தாள் இங்கே சுவாமித்தட்டில் விபூதித் தட்டத்துக்குக் கீழே இருக்கிறது. தபாலில் அனுப்ப மாட்டேன். நீ நேரே வந்துதான் அதைத் தொட வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

நீ ஐந்தாம் வகுப்புப் படித்தபோது அப்பா துப்பாக்கி சுடும் சங்கத்தில் சேர்ந்தார். பஸ் கராஜில் அவரோடு வேலை செய்த ஆர்னெதான் கூட்டிக்கொண்டு போனவர். ஒரு விளையாட்டு, குளிர்காலத்துக்கு ஒரு பொழுதுபோக்கு என்று நானும் விட்டுவிட்டேன். பிறகு உரிமம் எடுத்து ஒரு மாக்னம் ரிவால்வர் வாங்கினார். சாதாரணக் கைத்துவக்கைவிட அதற்குள் போகிற வெடிமருந்து அதிகம். ஒவ்வொரு வெடிக்கும் அது தன்னைத்தானே அடித்துக்கொள்கிறது என்று எனக்கு விளங்கப்படுத்தினார். சன்னங்கள் இருக்கிற உருளைக்கும் குழலுக்கும் இடையில் மயிரிழை போல ஓர் இடுக்கு உண்டு. சுடச்சுட உருளை ஆட்டங் காணும், இடுக்கு அகலும், குழலின் வாய் நெருப்பில் அரிபடும். அந்தத் துவக்கை எதையும் மாற்றாமல், எதையும் திருத்தாமல், அது கிழடாகி இனி முடியாது என்று நிற்கும்வரை சுட்டுப் பார்க்கப் போவதாகச் சொன்னார். "எத்தினை வருசம் செல்லும்?" என்று கேட்டேன். "அது எனக்கும் துவக்குக்கும் இடையிலை," என்றார்.

கடைச் சன்னங்கள் ஒன்றுக்கு ஒன்று வித்தியாசம் என்பதால் தானே கையால் நிரப்பினார். ஒரே அளவு மருந்து, ஒரே ஈயக்குண்டு. அப்படியென்றால்தான் தேய்மானத்தின் கணக்கு நேராக வரும் என்பது அவர் நியாயம். சுட்ட வெற்றுக்கோதுகளைப் பொறுக்கிக்கொண்டு வருவார். நான் அவற்றைக் கழுவிக் காயவைப்பேன். ஹவுகன்ஸ்டுவாவில் இருந்த அந்தச் சின்ன வீட்டில் வேறு இடம் ஏது? சுவாமி அறையின் ஒரு பக்கம் என் சுவாமித்தட்டு, மற்றப் பக்கம் அவருடைய மேசை, நடுவில் என் பழைய சேலையில் தைத்த திரை. மருந்து போடும்போது யாரும் வாய் திறக்கக்கூடாது, தொலைபேசி உள்ளே வரக்கூடாது என்பது அவர் சட்டம். ஒரு கோதுக்குள் தவறி இரண்டு முறை மருந்து விழுந்தால் துவக்கு வெடித்துக் கை போய்விடும். அதனால் குண்டை வைத்து மூடுவதற்கு முன் ஒவ்வொரு கோதுக்குள்ளும் ரோச் வெளிச்சம் அடித்துப் பார்க்கிற வேலை என்னுடையது. குளித்து, விபூதி பூசி, தேவாரத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டு பார்ப்பேன். "உம்மடை கண் பட்டதைத்தான் நான் சுடுவன்," என்பார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் எனக்குச் சொன்ன இனிமையான வார்த்தை அதுதான் என்று எண்ணிக் கொஞ்சம் பெருமைப்பட்டும் இருக்கிறேன்.

ஆயுத பூசைக்கு நடந்த பகிடி உனக்கு நினைவிருக்கும். அதன் மிச்சம் தெரியாது. உன் பள்ளிப் புத்தகங்கள், என் தையல் மெசின், அவருடைய சாவிகள் எல்லாம் சுவாமிக்கு முன் வைத்தபோது துவக்கையும் வைக்கச் சொன்னவள் நான். "பொலிஸ் அறிஞ்சால் சிரிக்கும்," என்று முணுமுணுத்தவர், வெறும் துவக்கை எடுத்துவந்து வைத்துவிட்டு, பூசை முடியும்வரை அதன் பக்கத்தை விட்டு அசையவில்லை. நான் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். நாளை காலைவரை துடைக்க வேண்டாம் என்றும் சொன்னேன். அப்படியே பெட்டகத்தில் பூட்டினார். அடுத்த நாள் விஜயதசமி, நல்ல காரியம் தொடங்குகிற நாள் என்று மேலோட்டமாகத் துடைத்துக்கொண்டு சுடப் போனவர், போய்க் கொஞ்ச நேரத்தில் எனக்குப் போன் அடித்தார்.

"இஞ்சேரும்! முடிஞ்சுது! உருளை சுத்துதில்லை! இறுகிப்போய் நிக்குது!"

"ஐயோ, பழுதோ?"

"பழுதில்லையப்பா, முடிஞ்சுது! ஏலாமல் போட்டுது அதுக்கு!"

அவர் அவ்வளவு சந்தோசமாகக் கத்தி நான் கேட்டதில்லை. நீ பிறந்தபோதுகூட இவ்வளவு சத்தம் போடவில்லை. பின்னால் ஆர்னெயின் குரல் கேட்டது. அந்த மனிதர் ஒரு ஊசியால் இடுக்கைச் சுரண்டி, வந்த தூளை மூக்கில் வைத்துப் பார்த்தாராம். "இது கரியில்லை. இது வாசமாயிருக்கு. உன்ரை மனுசியின்ரை சேர்ச்சிலை இருந்து வந்த சாமான்," என்று நோர்வேஜியனில் சொல்லிச் சிரித்தார். சந்தனம் இடுக்குக்குள் போய்க் காய்ந்திருந்தது. அவ்வளவுதான். நானும் இந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ பள்ளியால் வந்ததும் உனக்கும் சொல்ல, நீயும் சிரித்தாய்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை, தம்பி. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமல் படியில் இருந்தார். "துவக்கு நல்லாயிருக்கெண்டால் சந்தோசந்தானே, ஏன் முகத்தை இப்பிடி வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார்.

சுவாமித்தட்டுக்கு மேலே படமாக இருக்கிற உன் சித்தப்பாவை உனக்குச் சண்டையில் செத்தவர் என்று மட்டும் தெரியும். அப்பா அப்போது ஊரில் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தார். இயக்கத்துக்குப் போன அவருடைய தம்பி ஒரு நாள் தன் துவக்கோடு கடைக்கு வந்தானாம். தோளில் வைக்கிற மர அடிக்கட்டை பிளந்திருந்ததாம். அண்ணன் செப்புக் கம்பியால் வரிந்து கட்டி, முனையை முறுக்கி மடித்துக் கொடுத்தாராம். தம்பி செத்த செய்தி வந்து சில மாதங்களில் வேறொரு பெடியன் அதே துவக்கைக் கொண்டுவந்தான். கம்பி இளகிவிட்டது, இறுக்கித் தாங்கோ அண்ணை என்றான். தன் கைமுறுக்கு என்று பார்த்தவுடன் தெரிந்ததாம். ஒன்றும் கேளாமல் இறுக்கிக் கொடுத்தாராம். அடுத்த மழைக்காலம் அதே துவக்கு இன்னொரு பெடியனோடு வந்தது.

"மூண்டாவது பெடியன் வரேக்கை நான் கடையைப் பூட்டிப்போட்டு வெளிக்கிட்டன்," என்றார். "பெடியள் போறாங்கள், துவக்கு நிக்குது. நான் கட்டின கட்டு அவ்வளவு நல்ல கட்டு. ஒரு துவக்காவது மனிசருக்கு முன்னம் கிழடாகிச் சாகிறதை நான் என்ரை கண்ணாலை பாக்கோணுமப்பா. ஒண்டே ஒண்டு போதும்."

அவர் அந்த ரிவால்வரில் ஏன் ஓர் ஆணியைக்கூட மாற்றவில்லை என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. உள்ளே இருக்கிற சுருள்வில்லு தளர்கிறது, புதிது போடு என்று ஆர்னெ எத்தனை முறை சொல்லியிருப்பார். திருத்த மாட்டேன் என்று தலையாட்டுவார். வாழ்நாள் முழுக்கப் பஸ்களைத் திருத்திக்கொண்டிருந்த மனிதர் அந்த ஒன்றை மட்டும் திருத்தவில்லை.

"பிள்ளைக்குச் சொல்லட்டோ?" என்று கேட்டேன்.

"அவன் கேட்டால் சொல்லும். கேளாமல் அவன்ரை தலையிலை இதை ஏத்த வேண்டாம். அவன் இஞ்சத்தைப் பிள்ளையாய் நித்திரை கொள்ளட்டும்."

நீ கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ கூட்டாளிகளை வீட்டுக்குக் கூட்டி வருவதை விட்டாய். எங்கள் வீட்டில் துவக்கு இருக்கிறது என்று வகுப்பில் யாரோ கதைத்ததற்கு ஒரு கிழமை எங்களோடு பேசவில்லை. பிறகு த்ரொன்ஹெய்முக்குப் படிக்கப் போகிற அன்று, சாப்பாட்டு மேசையில், உனக்கென்று நண்டுக்கறி வைத்திருந்தேன், அதைத் தள்ளிவிட்டுக் கேட்டாய்: "துவக்குக்குப் பயந்துதானே நாட்டை விட்டு ஓடி வந்தனீங்கள்? பிறகேன் அப்பா வீட்டுக்குள்ளை ஒண்டை வைச்சுத் தடவிக்கொண்டிருக்கிறியள்? வெக்கமாயில்லையோ?" அப்பா என்னைப் பார்த்தார். நீ கேட்டுவிட்டாய், இப்போது சொல்லலாம் என்று நானும் வாயைத் திறந்தேன். ஆனால் நீ பதிலுக்கு நிற்கவில்லை, மகனே. எழும்பி, வாசலில் சப்பாத்தின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாய். உன் முதுகைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது? அப்பா உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். ரயில் நிலையம் வரை நீங்கள் இருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று வந்து சொன்னார். நண்டை அவரும் சாப்பிடவில்லை.

பிறகு நீ படித்து, எண்ணெய்க் கம்பனியில் வேலையும் எடுத்தாய். கடலுக்கடியில் போகிற குழாய்களின் இரும்பை வளைத்தும் அமுக்கியும் எத்தனையாவது முறையில் வெடிப்பு விழுகிறது என்று பார்ப்பதுதான் உன் வேலை என்று அறிந்த அன்று, அப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "என்ரை வேலையைத்தானப்பா அவனும் செய்யிறான்!" என்று குசினிக்கும் ஹோலுக்குமாக நடந்தார். உன்னோடு கதைக்க ஒரு விசயம் கிடைத்துவிட்டது அவருக்கு. அதனால்தான் இரும்பு களைப்பது எப்படி, வெடிப்பு எந்த மூலையில் தொடங்கும், சூடு பட்டால் என்ன என்று ஞாயிற்றுக்கிழமைகளில் உனக்குப் போன் அடித்துக் கேட்டார். கேள்விகளை முன்கூட்டியே யோசித்து வைப்பார். ஒரு நாள் நீ, "அப்பா, உங்களுக்குத் துவக்கை விட்டால் வேற கதையே இல்லையோ?" என்றாய். "ஓம் ஓம், சரி, நீ வேலையைப் பார்," என்று போனை என்னிடம் தந்தார். அதற்குப் பிறகு நீ எடுத்தால் "அம்மாவோடை கதை" என்று நேரே எனக்குத் தந்தது, கோபத்தில் என்று நினைத்திருப்பாய். அவருக்கு வேறு கேள்வி இருக்கவில்லை. மகனோடு கதைக்க அவரிடம் இருந்தது அந்த ஒன்றுதான்.

துவக்கோ தேயவில்லை. கத்தி அலகு போன்ற மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக இடுக்குக்குள் விட்டு அளப்பார். எந்தத் தகடு போகிறது என்று சொல்வார், நான் என் வீட்டுக் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் குறிப்பேன். வருடங்கள் போயின, ஆயிரம் ஆயிரமாகச் சுட்டாயிற்று, தகடு ஓரிரண்டு மாறியதோடு சரி. மாறியது அவருடைய மணிக்கட்டு. முதலில் பட்டி கட்டிக்கொண்டு சுட்டார். பிறகு பெருவிரல் மடங்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தார். டொக்டர் எலும்பு மூட்டு தேய்ந்துவிட்டது என்று படத்தில் காட்டியபோது அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது சொன்னார்: "பாத்தீரோ, இடுக்கு அகண்டது எனக்கு." பிறகு இருதய நோய். மற்றதெல்லாம் உனக்குத் தெரியும். செத்தவீட்டுக்கு வந்தாய், கொள்ளிக்குரியதைச் செய்தாய், எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவுக்கு முன் திரும்பிவிட்டாய்.

நீ போன பிறகு ஆர்னெ வந்தார். அப்பா நிரப்பி வைத்த சன்னங்கள் இரண்டு பெட்டி மிச்சம் இருந்தன. கொண்டுபோய்ச் சுட்டு முடியுங்கள் என்றேன். அந்த மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. "கோபிக்காதை. இன்னொருத்தர் கையாலை நிரப்பினதை நாங்கள் சுடுறேல்லை. என்ரை சொந்தத் தம்பி நிரப்பினாலும் நான் சுடமாட்டன்," என்றார். "ஒவ்வொண்டையும் நான் ரோச் அடிச்சுப் பாத்தனான். அவர் நம்பினவர்," என்றேன். பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, "அப்ப இந்த உலகத்திலை இதைச் சுடக்கூடிய ஆள் நீ ஒருத்திதான்," என்றார். இரண்டு பேரும் சிரித்தோம், பிறகு இரண்டு பேரும் அழுதோம். சுத்தியல் போன்ற ஒரு கருவி கொண்டுவந்திருந்தார். அதில் ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிக் குண்டு வேறு, மருந்து வேறு, கோது வேறாகப் பிரித்தோம். உள்ளே மருந்து நான் பார்த்த மட்டத்திலேயே இருந்தது. கை நடுங்கிய காலத்தில் நிரப்பியவை அவை. ஒன்றிலும் பிழை இல்லை.

போகும்போது ஆர்னெ கேட்டார், அந்த ரிவால்வரைத் தான் வாங்கிக்கொள்ளலாமா என்று. இன்னும் நல்ல இறுக்கமாக இருக்கிறது, அவன் விட்ட இடத்திலிருந்து நான் சுடுவேன் என்றார். அன்பாகத்தான் கேட்டார். ஓம் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். நீ நொறுக்கச் சொன்னபோது எனக்குக் கோபந்தான் வந்தது. ஆனால் போனை வைத்துவிட்டு விளக்கேற்றும்போது சித்தப்பாவின் படம் கண்ணில் பட்டது. ஆள் போய்விட்டார், துவக்கு அடுத்தவர் கைக்குப் போகிறது. ஆர்னெ நல்லவர்தான். ஆனால் அவருக்கும் வயது போகிறது. அவருக்குப் பிறகு யார்? அப்பா எதைப் பார்க்க மாட்டேன் என்று கடையைப் பூட்டிவிட்டு வந்தாரோ, அதையே நான் சுவாமித்தட்டுக்கு முன்னால் செய்யப் பார்த்திருக்கிறேன். நீ வெறுப்பில் சொன்னதும் அவர் ஆயுள் முழுக்க ஆசைப்பட்டதும் ஒன்றுதான், தம்பி. உனக்கு அது தெரியாமல் நீ கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது என்பதுதான் என் பயம். அதற்காகத்தான் நீ மறுபடி கேட்காமலே சொல்கிறேன். அப்பா என்னை மன்னிப்பார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. போன நவராத்திரிக்கு அவரால் நிற்க முடியவில்லை. பெட்டகத்தைத் தானே திறந்து, துவக்கை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். நான் பழைய பகிடியை நினைத்து, கைப்பிடியில் மட்டும் சந்தனத்தைத் தொட்டு வைத்தேன். "அங்கை வேண்டாம். இந்தமுறை இடுக்குக்குள்ளை வையும்," என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். "நல்லாய், உள்ளுக்கை போக வையும்," என்று என் விரலைப் பிடித்துக் காட்டினார். வைத்தேன். அடுத்த நாள் காலை பெருவிரல் மடங்காமல் இரண்டு கையாலும் உருளையைத் திருப்பிப் பார்த்தார். சுற்றவில்லை. சத்தம் போடவில்லை. "சரி," என்று மட்டும் சொன்னார். பூட்டிவிட்டு வந்து தேத்தண்ணி கேட்டார். அதன் பிறகு அவர் அந்தப் பெட்டகத்தைத் திறக்கவே இல்லை.

அப்பா கண் மூடிய அன்று ஆர்னெ அதைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனபோது உருளை நிற்பதைக் கண்டு, குனிந்து முகர்ந்து, என்னை நிமிர்ந்து பார்த்தார். துடைக்கட்டா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஆகவே திவசத்துக்கு முதல் நாள் வா. நீயும் நானுமாகக் கடைக்குப் போவோம். படித்தவன், உன் விரலாலேயே திருப்பிப் பார். தகடு உள்ளே போகிறதா என்று பார். போகாது. துடைத்தால் ஒரு நிமிடத்தில் சுற்றும் என்று உனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருந்தது. துடைக்காதே. சுற்றவில்லை என்று சொல், நான் கொப்பியில் அந்தக் கடைசி வரியை எழுதிக்கொள்கிறேன். பிறகு கையெழுத்தைப் போடு.

நண்டு வாங்கி வைப்பேன்.

அம்மா